குளுட்டரால்டிஹைடு: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் 2014இல் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே என் பொறுப்பில் வந்தது கருவிகளை ஊறவைத்துக் கிருமி நீக்கும் திரவமான 2 சதவீதக் குளுட்டரால்டிஹைடு. அதை வேலை செய்ய வைக்கும் ஆக்டிவேட்டரைக் கலந்ததும் திரவம் பச்சையாகும். 14 நாட்கள் அதே கரைசல்தான். வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி, பல்லைச் சோதிக்கும் மெல்லிய ப்ரோப், இடுக்கி எல்லாம் அதில்தான் ஊறும். கண் எரிகிறது என்றேன். "ஒரு மாதத்தில் பழகிவிடும்" என்றார் அங்கிருந்த மூத்த அக்கா. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் இந்த மருந்து உடம்புக்குப் பழகுவதில்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி ஆவியே போதும்.

கருவிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவிவிட்டு 20 நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான கிருமிகள் அழியும். சில பாக்டீரியாக்கள் கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவமான ஸ்போர்கள் அழிய 10 மணி நேரம் வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் எந்த மருத்துவமனையிலும் கிடைக்காது.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும். கரைசல் இருக்கும் தட்டின் மூடி உடைந்து மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது. ஆறாம் மாதம் விரல் இடுக்குகளில் வெடிப்பு வந்தது. மூன்றாம் ஆண்டில் மாலையானால் இருமல், இரவில் இளைப்பு. துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதிதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பகுதியில் யார் இருமினாலும் முதலில் வெளிக்காற்றைத்தான் சொல்வோம். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறினார்கள். மூடிய அறைக்குள் நாள்தோறும் ஆவி எழுவது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் நெஞ்சக மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது?" யோசித்துப் பார்த்தேன். ஞாயிறன்று இருமலே இல்லை. பொங்கல் விடுமுறை நான்கு நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வேலையிடத்தால் வரும் ஆஸ்துமாவுக்கு அதுதான் அடையாளம் என்றார்.

அதன் பிறகே தேடிப் படித்தேன். பிரிட்டனில் வேலையிடக் காற்றில் இது 10 லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் போகக் கூடாது. வாசனை மூக்குக்கு எட்டுவதே ஏறக்குறைய 0.04இல். அதாவது, வாசனை வந்துவிட்டால் எல்லையை நெருங்கிவிட்டோம் என்று பொருள். நாங்கள் மாட்டியிருந்த லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறை இதற்கு உதவாது, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். அறுவை மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மூன்று ஆண்டுகளில் இதை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2018 முதல் பெரம்பூரில் வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். சூடு தாங்கும் கருவி எல்லாம் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள்தான் போகும்: 121 டிகிரி, 20 நிமிடம். முன்பு நான் ஊறவைத்தவற்றில் பெரும்பாலானவை நீராவியில் போட வேண்டியவை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. சூடு தாங்காத சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு மட்டும் கரைசல். தட்டுக்கு இறுக்கமான மூடி, மேலே கலந்த தேதி, பக்கத்தில் எக்ஸாஸ்ட் விசிறி. கரைசல் மாற்றுவது காலையில், நோயாளிகள் வருவதற்கு முன். அந்த வேலையை என்னிடம் தருவதில்லை. நடுவில் இதற்கு மாற்றான ஓபிஏ என்ற கிருமிநாசினிக் கரைசலையும் பயன்படுத்திப் பார்த்தோம். நெடி குறைவுதான், ஆனால் தோலில் பட்டால் சாம்பல் கறை பிடிக்கும். அதுவும் ஒவ்வாமை தரக்கூடியதே.

விரல் வெடிப்பு ஆறிவிட்டது. இளைப்பு முழுதாகப் போகவில்லை, இன்ஹேலர் பையிலேயே இருக்கிறது. சென்ற மாதம் அம்மாவை எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போனேன். வாசலில் நிற்கும்போதே நெஞ்சு இறுகியது. உள்ளே என்ன கரைசல் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "கையில் போட்டிருப்பது என்ன கையுறை, அம்மா?" என்று கேட்டேன். லேடெக்ஸ்தான்.