வார் மிருதங்கமா, போல்ட் மிருதங்கமா?

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கப் படிப்பு மூன்று ஆண்டு. வகுப்பில் வாத்தியம் இருக்கும். வீட்டுச் சாதகத்துக்கு, அதாவது பயிற்சிக்கு, தனியாக ஒன்று வேண்டும். நெல்லைப் பக்கம் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான்: தோல் வார் இழுத்துக் கட்டியதா, போல்ட் வைத்து முறுக்கியதா?

நாதத்தில் வார்தான் மேல், அதில் வாதமே இல்லை. எடையிலும் போல்ட் தோற்கும். தென்காசி பஸ்ஸில் மடியில் வைத்து வருகிறவரைக் கேட்டால் சொல்வார். இருந்தும் முதல் மூன்று ஆண்டுக்கு என் ஓட்டு போல்டுக்கே, வாங்கியதும் அதுதான். காரணம் மூட்டு, அதாவது முகத்தில் மாட்டும் தோல், மாற்றும் வேலை.

வலந்தலையின் (வலது முகம்) நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணை, கல்பொடியையும் சோற்றையும் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. கை வியர்வையில் இளகும். பாளையங்கோட்டை அக்னி வெயிலில் காய்ந்து உதிரும். உதிர ஆரம்பித்தால் மீட்டுகிற நாதம் போச்சு, விளிம்பில் தட்டும் ‘நம்’ சொல் மட்டையாகக் கேட்கும். தினம் இரண்டு மணி நேரம் சாதகம் பண்ணுகிற பிள்ளைக்கு இது வந்தே தீரும். வார் மிருதங்கமானால் விளிம்பின் 16 கண்ணிலும் (துளை) கோத்த வாரைத் தளர்த்தி, புது மூட்டைப் பொருத்தி, மறுபடி இழுத்துப் பிடிக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் வாத்தியம் தஞ்சாவூருக்கோ பாலக்காட்டுப் பெருவெம்புக்கோ போகும். அது திரும்பும்வரை பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

போல்டில், அளவு சரியான மூட்டு ஒன்று கைவசம் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ஒரு நட்டுக்குக் கால் சுற்று, அடுத்து அதற்கு நேரெதிர் நட்டுக்குக் கால் சுற்று என்று போக வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் வளையம் சாயும், சுருதி ஒரு கண்ணில் ஏறி எதிர்க் கண்ணில் இறங்கி நிற்கும். தோல் கிழிவதும் அந்த விளிம்பில்தான். ஸ்பானர் கையில் இருக்கிறதே என்று 1 கட்டை (சுருதி அளவு) மிருதங்கத்தை 5 கட்டைக்கு ஏற்றப் பார்க்காதீர்கள். கீழ்ச் சுருதிக்கு ஏறக்குறைய 24 அங்குல நீளம், மேல் சுருதிக்கு 22. அரைக் கட்டை இப்படி அப்படி நகர்த்தலாம், அவ்வளவுதான்.

சாரல் காலத்தில் தோல் ஈரம் வாங்கித் தளரும். வார் வாத்தியத்தில் கல்லும் கட்டையுமாகப் பின்னலைத் தட்டவேண்டும். பழகாத கை தவறினால் அடி கரணையில் விழும். போல்டில் அந்தப் பயம் இல்லை, ஆனால் மரை துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மரையில் தடவுங்கள். தோலில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

தொப்பியில், அதாவது இடது முகத்தில், இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ரவை பிசைந்து அப்பினால்தான் ‘தொம்’ பேசும். வாசித்து முடித்ததும் வழித்துவிடாவிட்டால் எலிக்கு விருந்து.

செயற்கைத் தோல் மிருதங்கத்தைச் சில நாள் வாசித்த அளவில் சொல்வதானால், சுருதி அசையாமல் நிற்கிறது, எடையும் குறைவு, தொப்பியை அழுத்தி வளைத்து எழுப்பும் கும்கி நாதம்தான் திருப்தியாக இல்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

போல்ட் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே வலந்தலையை ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே அதே அளவில் இன்னொரு மூட்டும் வாங்கிவிடுங்கள். அரை அங்குலம் மாறினாலும் உட்காராது.