கடைக்காரர் வில்லையா, தேசபக்தி வில்லையா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், மக்கள் தங்கம், வெள்ளி நாணயங்களோடு ஒரு சென்ட் காசுகளையும் பதுக்கிவிட, சில்லறைக்குத் திண்டாடிய வணிகர்கள் செப்பு வில்லைகளை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். சுமார் 19 மில்லிமீட்டர் அகலமுள்ள அவற்றைச் சேகரிக்கத் தொடங்குபவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன.

தேசபக்தி வில்லைகளில் கடையின் பெயர் இராது. கொடியும் கழுகும் வடக்கு மாநிலங்களின் தரப்பான ஒன்றியத்தைப் போற்றும் வாசகங்களும் இருக்கும். பொதுவான வகைகள் எளிதாகக் கிடைப்பதால் புதியவருக்கு இவை ஏற்றவை. கொடியை இறக்க முயல்பவனை 'அந்த இடத்திலேயே' சுட்டுவிடு என்னும், அன்றைய அமெரிக்கக் கருவூலச் செயலர் ஜான் டிக்ஸின் ஆணையைப் பொறித்த வில்லைகள் சிலவற்றில், இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஓ' கூடுதலாக விழுந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்ப்பது தனி இன்பம்.

ஆயினும் என் மனம் கடைக்காரர் வில்லைகளையே நாடுகிறது. வணிகரின் பெயரும் ஊரும் தாங்கிய இவற்றில் ஒரு தெருவின் வாழ்வே தெரிகிறது. நியூயார்க் மதுக்கடைக்காரர் லின்டன்முல்லரின் வில்லையில் ஒருபுறம் தாடி வைத்த முகமும், மறுபுறம் பீர்க் குவளையும் உள்ளன. இவர் வெளியிட்ட வில்லைகள் பத்து லட்சத்துக்கும் மேல். பயணிகள் கட்டணமாகச் செலுத்திய வில்லைகளைப் பணமாக மாற்றித் தருமாறு டிராம் நிறுவனம் கேட்டபோது இவர் மறுத்துவிட்டார். 1864இல் தனியார் காசுகளுக்குச் சட்டம் தடை விதித்ததற்கு இத்தகைய நிகழ்வுகளும் காரணம் எனலாம். சிற்றூர்க் கடைகளின் அரிய வில்லைகளுக்கு விலை மிகுதி. எதை வாங்கினாலும் தேய்த்துப் பளபளப்பாக்கியதைத் தவிர்க்க வேண்டும்.