மலிவு சூப்பர் மார்க்கெட் vs பெரிய சூப்பர் மார்க்கெட்: எந்தச் சாமானை எங்க வாங்கலாம்?

ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டு வருமானம் குறைஞ்சப்போ வழக்கமா போற பெரிய சூப்பர் மார்க்கெட்ட விட்டுட்டு மலிவு விலை கடைக்கு மாறினோம். அப்போ சொந்தத்துல ஒரு அக்கா "புள்ளைங்க வாய்க்குப் போறதுலயா மிச்சம் புடிக்கிற"ன்னு கேட்டாங்க. அது ரொம்ப நாள் குத்திட்டே இருந்துச்சு, ஏன்னா எனக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான். அதனால ரெண்டு கடை பாக்கெட்டையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சு லேபிள் படிக்கிறது, சமைச்சுப் பாக்கிறதுன்னு ஒரு பழக்கமே ஆயிடுச்சு. அதுல தெரிஞ்சதத்தான் எழுதுறேன்.

மொதல்ல, மலிவு கடை எப்படி மலிவா குடுக்குதுன்னு தெரியணும், இல்லன்னா "மட்டமான சரக்கு போல"ன்னு தான் தோணும். இந்த மாடலப் பெருசா வளத்தவங்க ஜெர்மனியில ஆல்டி கடைய நடத்துன கார்ல், தியோ ஆல்பிரெக்ட்ங்கற அண்ணன் தம்பி. 1946-ல அம்மாவோட கடைய எடுத்து, கொஞ்ச வகை சாமான் மட்டும் வச்சு, அது வேகமா வித்துத் தீர்ற மாதிரி பண்ணாங்க. பெரிய சூப்பர் மார்க்கெட்ல 30,000 வகை சாமான் இருக்கும்னா இந்த மாதிரி கடையில ரெண்டாயிரம் சொச்சம்தான். தக்காளி சாஸ்னா பதினஞ்சு பிராண்ட் இருக்காது, ஒண்ணு ரெண்டுதான், அதையும் அட்டைப்பெட்டியோட அப்படியே அடுக்கி வச்சிருப்பாங்க, ஆளும் கம்மி, விளம்பரமும் கம்மி, பெரும்பாலும் கடையோட சொந்த லேபிள், அதாவது கடையே தன் பேர்ல விக்கிற சரக்கு. மிச்சமாகுற காசுல பெரும்பங்கு இங்கேர்ந்துதான் வருது. சரக்கு வேகமா நகர்றதால மாவு, பருப்பு மாதிரி சாமான் ஷெல்ஃப்ல கெடந்து பழசாகுறதும் கம்மி, இத யாரும் கவனிக்கிறதில்ல.

இப்போ சாமான் சாமானா வருவோம். உப்பு, சர்க்கரை, மாவு, அரிசி, பருப்பு, பால். இதுல எல்லாம் உள்ள இருக்கிறது ஒரே ஒரு பொருள். பால்ல கொழுப்பு எவ்வளவு இருக்கணும்னு நிறைய நாட்டுல சட்டமே சொல்லுது, காய்ச்சுற முறையும் பொதுவா 72 டிகிரியில 15 செகண்ட், அது எந்தக் கடை பாக்கெட்டா இருந்தாலும் அதுதான். நான் ரெண்டையும் மாத்தி மாத்தி வாங்கிப் பாத்தாச்சு, வீட்ல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. இதுக்குப் பெரிய கடைக்குப் போறது வீண்.

ரெண்டு மூணு பொருள் கலந்து செஞ்சது வந்தா கதை மாறுது. இங்கதான் பொறுமையா லேபிள் படிக்கணும். பெரும்பாலான நாடுகள்ல எடை அதிகமா இருக்கிற பொருள் மொதல்ல, குறைவா இருக்கிறது கடைசியிலன்னுதான் வரிசையா போடணும். ரெண்டு கடை ஜாமையும் வச்சுப் பாத்தேன், ஒண்ணுல மொதல்ல பழம், இன்னொண்ணுல மொதல்ல சர்க்கரை. சர்க்கரை மொதல்ல வந்தது பெரிய கடையில வாங்குன பிரபல பிராண்ட்ல! அன்னைக்குத்தான் அந்த அக்கா கேட்ட கேள்வி மனச விட்டு எறங்குச்சு.

ஆனா எல்லாத்துலயும் மலிவு கடை ஜெயிக்கும்னு நெனச்சுடாதீங்க. ஜூஸ் எடுத்துக்கோங்க. "ஜூஸ்"னு போட்டா முழுசா பழச்சாறு. "நெக்டர்"னு போட்டா ஐரோப்பிய விதிப்படி பழத்தப் பொறுத்து 25-லேர்ந்து 50 சதவீதம் பழம் இருந்தாலே போதும், மிச்சம் தண்ணியும் சர்க்கரையும். "ட்ரிங்க்"னு போட்டா அதவிடக் கம்மியாவும் இருக்கலாம். மலிவு கடையில நான் பாத்த வரைக்கும் கண்ணுக்கு நேரா இருக்கிறது நெக்டரும் ட்ரிங்கும்தான், படமெல்லாம் ஒரே மாதிரி பழத்தோட பளபளன்னு இருக்கும், புள்ளைங்க கைய நீட்டுறதும் அதுக்குத்தான். சாக்லேட்டும் இப்படித்தான். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் படி சாக்லேட்ல மொத்தமா 35 சதவீதம் கோகோ பொருள் இருக்கணும், மில்க் சாக்லேட்டுக்கு 25. கோகோ வெண்ணெய்க்கு பதிலா பாமாயில் போட்ட "சாக்லேட் சுவை" பார் வேற சரக்கு, அதுக்கு சாக்லேட்னு பேர் வைக்கவே முடியாது. இந்த ரெண்டுலயும் நான் கடையப் பாக்கிறதில்ல, பேரையும் சதவீதத்தையும் தான் பாக்கிறேன்.

ஃப்ரீசர் பக்கம் வந்தா எனக்கு ஒரு கசப்பான அனுபவம். ஒரு மலிவு கடையில பெரிய பாக்கெட் ஃப்ரோசன் இறால் வாங்கினேன், கரைச்சுப் பாத்தா கிண்ணத்துல பாதிக்கு மேல தண்ணி. இறாலு காயாம இருக்க மேல ஐஸ் பூசுறது வழக்கமான முறைதான், தப்பில்ல, ஆனா ஐஸ் இல்லாத எடை என்னன்னு பாக்காம வாங்கினது என் தப்பு. அதுலேர்ந்து அந்த எடைய வச்சு கிலோவுக்குக் கணக்கு போடுறேன், போட்டா சில சமயம் பெரிய கடை இறாலு தான் மலிவா வருது! ஃப்ரோசன் காய்கறிக்கு மட்டும் தாராளமா மலிவு கடையே போதும். பறிச்ச சீக்கிரத்துலயே லேசா வெந்நீர் காட்டி உறைய வச்சிடுறாங்க, அதனால வாரக்கணக்கா ஃப்ரிட்ஜ்ல வாடுன "ஃப்ரெஷ்" கீரைய விட வைட்டமின் சி கூட அதுல அதிகமா இருக்க வாய்ப்பிருக்கு.

பாதுகாப்பு பத்தி கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2013-ல ஐரோப்பாவுல மாட்டிறைச்சின்னு வித்ததுல குதிரை இறைச்சி கலந்திருந்தது வெளியாச்சு. அதுல ஆல்டியோட சொந்த லேபிள் லசான்யாவும் (பாஸ்தாவும் கறியும் அடுக்கடுக்கா வச்ச சாப்பாடு) ஃபிண்டஸ்ங்கற பேர் பெற்ற பிராண்ட் லசான்யாவும் ரெண்டும் சிக்குச்சு, ரெண்டுமே கோமிஜெல்ங்கற ஒரே பிரெஞ்சு கம்பெனி வழியா வந்தது. டெஸ்கோ மாதிரி பெரிய கடையோட பர்கர்லயும் இருந்துச்சு. காசு கூடக் குடுத்தவங்களுக்கும் அதே கதிதான். தேனும் அப்படித்தான், 2023-ல ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வுல இறக்குமதித் தேன் 320 மாதிரில 147 கலப்படமா இருக்கலாம்னு சந்தேகத்துக்கு இடமா இருந்துச்சு. தேன்ல மட்டும் எனக்கு எந்தக் கடை மேலயும் நம்பிக்கை வரல, தேனீ வளக்குறவங்க கிட்டயே நேரா வாங்கிக்கிறேன்.

பெரிய கடை நிஜமாவே முன்னாடி நிக்கிறது பச்சைக் காய், பழம், மீன், கறில. மலிவு கடையில எல்லாம் மூடுன பாக்கெட்ல வரும், தொட்டுப் பாக்க முடியாது, நாலு தக்காளில ஒண்ணு அடியில நசுங்கியிருக்கும், வீட்டுக்கு வந்துதான் தெரியும். பெரிய கடையில ஒவ்வொண்ணா பொறுக்கலாம், மீன வெட்டித் தரச் சொல்லலாம், எப்போ வந்துச்சுன்னு கேக்கலாம். கோணல்மாணலா இருக்கிற காய்க்கு மட்டும் பயப்படாதீங்க, தரம் பிரிக்கிறப்போ பெரும்பாலும் உருவத்தத்தான் பாக்குறாங்க, ருசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இன்னொண்ணு, தேதி. மலிவு கடையில கடைசி நாள் நெருங்குனத விலை கொறச்சு ஒரு மூலையில வைப்பாங்க. "இதுக்குள்ள உபயோகிக்கவும்"னு இருந்தா அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கறி மீன்ல அத ஒரு நாள் கூட தாண்டாதீங்க. "இதுக்கு முன்னாடி சிறந்தது"ன்னு இருந்தா ருசி, மொறுமொறுப்பு கொறையும், அவ்வளவுதான். பிஸ்கட், பாஸ்தா எல்லாம் அந்த மூலையிலேர்ந்து தான் நான் அள்ளிட்டு வர்றேன், போன வாரம் அந்த அக்காவுக்கும் ரெண்டு பாக்கெட் குடுத்தேன், தேதியக் காட்டி வித்தியாசத்தையும் சொல்லித்தான் குடுத்தேன்.