‘ஹிஸ் கமிங்’கா, ‘ஹிம் கமிங்’கா?

மண்சரிவால் ஹட்டன் பாதை அடைபட்டு பஸ் வர நேரமாகிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு லேட். வகுப்பாசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் ஹிஸ் பீயிங் லேட்’ என்று எழுதலாம். ‘ஹிம் பீயிங் லேட்’ என்றும் எழுதலாம். கொப்பிகளில் இன்னொன்றும் வரும்: ‘எக்ஸ்கியூஸ் ஹீ பீயிங் லேட்’. முதல் இரண்டுக்கும் இடையில் நூறு வருசத்துக்கு மேலாக வழக்கு நடக்கிறது. மூன்றாவதற்கு வழக்கே கிடையாது, அது பிழை.

அந்தப் பிழைக்கு வேர் தமிழில் இருக்கிறது. ‘அவன் லேட்டாக வருவது’ என்கிறோம். ‘வருவது’ தொழிற்பெயர், அதற்கு முன்னால் ‘அவன்’ எழுவாயாகவே நிற்கிறது. ‘அவனுடைய வருவது’ என்று யாரும் சொல்வதில்லை. அதையே ‘வருகை’ என்று மாற்றிப் பாருங்கள், உடனே ‘அவனது வருகை’ என்று ஆறாம் வேற்றுமை வந்து உட்கார்ந்துவிடும். கூட வரும் அடையும் மாறும்: ‘திடீரென வருவது’, ஆனால் ‘திடீர் வருகை’. வருவது பாதி வினை, வருகை முழுப் பெயர். நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘கமிங்’ என்ற ஒன்றுதான். இரண்டு வேலையையும் அதுவே பார்க்கிறது. பெயராகப் பார்த்தவர்கள் ‘ஹிஸ்’ போட்டார்கள், வினையாகப் பார்த்தவர்கள் ‘ஹிம்’ போட்டார்கள். நாம் ‘வருவது’ பழக்கத்தில் ‘ஹீ’ போட்டுவிடுகிறோம்.

‘யூ’ என்ற சொல் இந்தப் பிழையை மறைத்துவிடும். ‘ஐ டோன்ட் மைண்ட் யூ கமிங் லேட்’ என்பதில் ‘யூ’ எழுவாயா, செயப்படுபொருளா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுதியவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, ‘யூ’ இருக்கும் இடத்தில் அவனைப் போடச் சொல்லுங்கள். ‘ஹீ’ வந்தால் பாடத்தை மறுபடி தொடங்க வேண்டியதுதான். (‘ஹீ பீயிங் சிக், ஹிஸ் பிரதர் வென்ட்’ என்று கொம்மாவால் பிரிந்து நிற்கும் பழைய நடை வேறு கணக்கு. அங்கே ‘ஹீ’ சரி.)

வழக்கைச் சூடாக்கியவர்கள் ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய இங்கிலாந்தின் ஃபௌலர் சகோதரர்கள். 1906இல் ‘ஹிம் கமிங்’ வகைக்கு ‘ஃபியூஸ்ட் பார்டிசிபிள்’, அதாவது முன்சொல்லோடு ஒட்டிப்போன எச்சம், என்று பெயர் வைத்துக் கண்டித்தார்கள். ‘ஹிம் கமிங் லேட் அப்செட் மீ’ என்றால் மனதை வருத்தியது அவனா, வருகையா? இலக்கணப்படி எதையும் தனியாகக் காட்ட முடியவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1920களில் எதிர்த்தார். பழைய நல்ல எழுத்தாளர்களே இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். இன்று பேச்சில் யெஸ்பர்சன் பக்கம் வென்றுவிட்டது. கடிதத்திலும் பரீட்சையிலும் ஃபௌலர் பக்கம் இன்னும் தோற்கவில்லை.

‘ஹிஸ்’ தெளிவாக முந்தும் இடம் வாக்கியத்தின் தொடக்கம். ‘மை லீவிங் ஏர்லி’ என்று தொடங்கினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ‘மீ லீவிங் ஏர்லி’ கூட்டாளியிடம் பேசுவது போல இருக்கும். இன்னோர் இடத்தில் தெரிவே கிடையாது. ‘ஹிஸ் கேர்ஃபுல் பிளக்கிங் ஆஃப் தி லீஃப்’ என்பதில் ‘கேர்ஃபுல்’ என்ற பெயரடையும் ‘ஆஃப்’உம் வந்துவிட்டன. ‘பிளக்கிங்’ அங்கே நம் வருகை போல முழுப் பெயர். ‘ஹிம்’ போடவே முடியாது. ‘கேர்ஃபுலி பிளக்கிங் தி லீஃப்’ என்று எழுதினால்தான் அது பாதி வினை, இரண்டும் ஓடும். ‘ஹெர்’ என்பவளுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை, இரண்டுக்கும் ஒரே உருவம்.

‘ஹிம்’ பக்கத்து வெற்றிகள் எண்ணிக்கையில் கூட. சில சொற்களுக்கு உடைமை வடிவமே இல்லை: ‘நோ சான்ஸ் ஆஃப் தேர் பீயிங் எ பஸ்’ என்பதில் வரும் ‘தேர்’ (‘அவர்களுடைய’ என்ற தேர் அல்ல, ‘தேர் இஸ்’ என்பதில் வருவது), ‘தட்’, ‘தோஸ்’. உயிரற்ற பொருளுக்கும் விட்டுவிடுவது நல்லது. ‘வித்தவுட் தி மிஸ்ட் லிஃப்டிங்’ என்றால் போதும்; மூடுபனிக்கு எஸ் ஒட்டினால் காதுக்கு ஒவ்வாது. நீண்ட தொடருக்கும் அப்படியே: ‘தி லொறி ஃப்ரம் தி ஃபேக்டரி இன் தலவாக்கலை கமிங் லேட்’ என்பதில் எஸ்ஸைத் தலவாக்கலையின் வாலில் தொங்கவிட்டால் லேட்டாக வந்தது ஊரா, லொறியா என்று கேட்கத் தோன்றும்.

அதிகம் தடுக்கி விழுவது ‘ஸீ’, ‘ஹியர்’, ‘வாட்ச்’, ‘கேட்ச்’, ‘கீப்’ போன்ற வினைகளில். ‘ஹிஸ்’தான் உயர்ந்த ஆங்கிலம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கேயும் அதையே போடும். மலையில் பெண்கள் கொழுந்து எடுப்பதைக் கண்டேன் என்றால் ‘ஐ ஸா தெம் பிளக்கிங்’. ‘அவர்களுடைய’ என்ற ‘தேர்’ போட்டு ‘ஐ ஸா தேர் பிளக்கிங்’ என்றால் பொருள் மாறிவிடும்: எடுத்த விதத்தைப் பார்த்தேன், இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்தார்களா, முற்றலையும் சேர்த்துப் பிடுங்கினார்களா என்று பார்த்தேன் என்றாகும். கொழுந்து மடுவத்தில் நிறுக்காமல் காக்க வைத்தார்கள் என்பதும் ‘தே கெப்ட் அஸ் வெயிட்டிங்’ மட்டுமே. ‘எங்களுடைய’ என்ற ஆங்கில ‘அவர்’ போட்டு ‘அவர் வெயிட்டிங்’ என்றால் நிற்காது.

சந்தேகம் வந்தால் ‘இங்’ முடிவுள்ள சொல்லையும் அதற்குப் பின்னால் வருவதையும் விரலால் மறையுங்கள். ‘ஐ ஸா தெம்’: பொருள் குறைந்தது, பொய்யாகவில்லை. அப்படியானால் ‘தெம்’. ‘ஐ ரிசென்ட் தெம்’: ஆட்களையே வெறுப்பதாகிவிட்டது, நாம் சொல்ல வந்தது அவர்கள் செய்கையை. அப்படியானால் எழுத்தில் ‘தேர்’.

பன்மையில் காது உதவாது. ‘தி வர்க்கர்ஸ் ஆஸ்கிங்’ இரண்டு விதத்திலும் ஒரே ஒலி. எஸ்ஸுக்குப் பின்னால் மேலே ஒரு அப்பாஸ்ட்ரஃபி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் போட்டு மற்றோரிடத்தில் விடுவதுதான் அசிங்கம்.

‘பிரிவெண்ட்’ மூன்று வழி திறந்து வைத்திருக்கிறது: ‘மை கோயிங்’, ‘மீ கோயிங்’, ‘மீ ஃப்ரம் கோயிங்’. மூன்றாவதை எடுங்கள், சண்டை முடிந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை, ‘ஸீ’, ‘கீப்’ போன்ற வினைகளைத் தவிர மற்ற இடங்களில் ஆளைக் குறிக்கும் பிரதிப்பெயரும் ஆள் பெயரும் வந்தால் ‘ஹிஸ்’ வகையே எழுதட்டும். வெட்ட யாருக்கும் காரணம் கிடைக்காது. தோட்டத்தை நடத்தும் துரைக்குப் போகும் விண்ணப்பத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லயத்துக் கூரையைத் திருத்தித் தரச் சொல்லி ‘ஐ வுட் அப்ரிஷியேட் யுவர் ரிப்பேரிங் தி ரூஃப்’ என்று எழுதினால் இலக்கணம் சுத்தம், ஆனால் வாக்கியம் விறைத்து நிற்கும். ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஹேவ் தி ரூஃப் ரிப்பேர்ட்’ என்பதில் ‘ஹிஸ்’ஸும் இல்லை, ‘ஹிம்’மும் இல்லை. துரை தானே கூரையில் ஏறமாட்டார், ஆள் வைத்துத்தான் செய்விப்பார் என்பதையும் ‘ஹேவ்’ சொல்லிவிடுகிறது.