சேவல் போட்ட சாஸ் பாட்டில், அதுல ஒரு கப்பலோட பேரு

வெளிநாட்டுக்குப் போய் சாதிச்சவங்கன்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க உடனே பெரிய கம்பெனி சிஇஓ பேரு, இல்லன்னா நோபல் பரிசு வாங்கினவங்க பேரத்தான் சொல்லுவாங்க. பெருமைதான், மறுக்கல. ஆனா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல நிக்கிற ஒரு சில்லி சாஸ் பாட்டில்தான். பச்சை மூடி, உள்ள செக்கச்செவேல்னு சாஸ், மேல வெள்ளையா ஒரு சேவல் படம். ஹூய் ஃபோங் ஸ்ரீராச்சா. கலிஃபோர்னியா வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல இது தீர்ந்து போனா அன்னைக்கே கடைக்குப் போறோம், அதான் இதப்பத்தி உருப்படியா ஒரு ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

மொதல்ல டேஸ்ட். வாயில வச்சதும் பூண்டு, பின்னாடியே வினிகர் புளிப்பு, லேசா ஒரு இனிப்பு, காரம் கடைசியில மெதுவா வந்து நாக்குல உக்காரும். குண்டூர் மிளகாய் சாப்பிட்டு வளந்தவங்களுக்கு இது பெரிய காரமே இல்ல, ஆனா இத காரத்துக்காக வாங்கக் கூடாது. மிளகாய காய வைக்காம, ஹாலபீனோங்கற மெக்சிகோ மிளகாய, நல்லா பழுத்துச் சிவந்ததா பாத்து ஃப்ரெஷ்ஷாவே அரைக்கிறாங்க, அந்தப் பழ வாசனை அப்படியே சாஸ்ல நிக்குது, வத்தல் அரைச்ச சட்னில அது வராது. எங்க அம்மா இங்க வந்தப்ப விரல்ல தொட்டு நக்கிப் பாத்துட்டு பூண்டுச் சட்னில சீனி போட்ட மாதிரி இருக்குடான்னாங்க, மறுநாள் காலையில பாத்தா முட்ட தோசை மேல அவங்களே பிழிஞ்சுட்டு இருக்காங்க. ஆம்லெட், ஃப்ரைட் ரைஸ், பிரெட் டோஸ்ட், பஜ்ஜி, மேகி எல்லாத்துக்கும் சூப்பர். தயிர் சாதத்துக்கு மட்டும் என் ஓட்டு ஊறுகாய்க்குத்தான். சைவக்காரங்களுக்கு ஒரு விஷயம், தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து சாஸ் பலதுல மீன் சாஸ் கலந்திருக்கும், இதுல கிடையாது. மிளகாய், சீனி, உப்பு, பூண்டு, வினிகர், கெடாம இருக்கவும் கெட்டியா இருக்கவும் சேக்குற ஐட்டங்க, அவ்வளவுதான். பூண்டு சாப்பிடாதவங்களுக்கு ஆகாது.

இப்ப இத செஞ்சவர் கதை. டேவிட் டிரான், 1945-ல வியட்நாம்ல பிறந்த சீன வம்சாவளிக்காரர், அந்த வருஷம் சீனக் கணக்குப்படி சேவல் வருஷம், பாட்டில்ல இருக்குற சேவல் அதுதான். அங்கயே மிளகாய் சாஸ் போட்டு வித்துட்டு இருந்தவர். போர் முடிஞ்சு கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தப்புறம் சீன வம்சாவளிக்காரங்களுக்கு அங்க இருக்க முடியாமப் போச்சு, 1978 கடைசியில ஒரு சரக்குக் கப்பல்ல ஏறிக் கிளம்பிட்டார். அதுல 3,300 பேருக்கு மேல, ஹாங்காங் கிட்ட வந்த கப்பல கிட்டத்தட்ட ஒரு மாசம் துறைமுகத்துக்குள்ள விடாம கடல்லயே நிறுத்தி வச்சாங்க. சரக்கு ஏத்துற கப்பல்ல குழந்தை குட்டிங்களோட ஒரு மாசம், நெனச்சுப் பாருங்க. 1986-ல நம்ம ஈழத்துச் சனங்க 155 பேர் ரெண்டு லைஃப்போட்ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல தத்தளிச்சுக்கிட்டு இருந்ததையும் கனடா மீன்பிடிக்காரர் ஒருத்தர் பாத்துக் கரை சேத்ததையும் படிச்சப்பவும் எனக்கு இதே பதட்டம்தான்.

அந்தக் கப்பலோட பேருதான் ஹூய் ஃபோங். அமெரிக்கா வந்து, மொதல்ல பாஸ்டன், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்னு போயி, 1980-ல சைனாடவுன்ல சின்னதா ஒரு எடத்துல சாஸ் போட ஆரம்பிச்சப்ப கம்பெனிக்கு அவர் அந்தக் கப்பல் பேரத்தான் வச்சார். அந்த ஒரு மாசத்த மறக்கணும்னுதான் வேற யாரும் நெனச்சிருப்பாங்க, இவர் அத ஒவ்வொரு பாட்டில் மேலயும் எழுதி வச்சிருக்கார். நீல வேன் ஒண்ணுல அவரே கொண்டு போய் கடை கடையா போட்டார், வியட்நாம்காரங்க குடிக்கிற ஃபோ நூடுல்ஸ் சூப்புல ஊத்திக்க நல்ல சாஸ் வேணும்னு தன் சனங்களுக்காகத்தான் ஆரம்பிச்சது, விளம்பரத்துக்குப் பைசா செலவு பண்ணதில்ல, இன்னைக்கு பர்கர் கடை, பீட்சா கடை எல்லாத்துலயும் டேபிள் மேல நிக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் மிளகாயோட பயணம். மிளகாயே அமெரிக்கக் கண்டத்துல பொறந்தது, போர்ச்சுக்கீசியக்காரங்க கொண்டு வந்துதான் நமக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி நம்ம அடுப்படியில காரம்னா மிளகுதான், அதனாலதான் புதுசா வந்ததுக்கு மிளகு மாதிரி காரமான காய்னு மிளகாய்னு பேரு. அதே மிளகாய் ஆசியாவுல ஊரு ஊராச் சுத்தி, தாய்லாந்துல ஸ்ரீராச்சாங்கற கடலோர ஊர்ல சாஸாகி, ஒரு அகதி கை வழியா திரும்ப அமெரிக்காவுக்கே வந்து சேந்திருக்கு.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இர்விண்டேல்ங்கற ஊர்ல இருக்குற அவங்க ஃபேக்டரிக்கு ஒரு செப்டம்பர்ல போயிருந்தோம். சிவப்பு மிளகாய் அறுவடை ஆகி லாரி லாரியா வர்ற சீசன், கார் கதவத் தெறந்ததுமே ஊர்ல மில்லுல மொளகாப்பொடி திரிக்கிற நாள் மாதிரி ஒரு நெடி, எனக்குக் கண்ணே கலங்கிருச்சு, நெடியினாலயா ஊர் ஞாபகத்துலயான்னு சொல்லத் தெரியல. இந்த நெடி கண்ண எரியுதுன்னு 2013-ல இர்விண்டேல் ஊர் நிர்வாகமே கேஸ் போட்டுச்சு, அடுத்த வருஷம் வாபஸ் வாங்கிட்டாங்க, டிரான் கதவத் தெறந்து விட்டு யார் வேணா வந்து பாக்கலாம்னு சொல்லிட்டார். அந்தச் சமயத்துல டெக்சாஸ்ல இருந்து அரசியல்வாதிங்க நேர்ல வந்து ஃபேக்டரிய எங்க பக்கம் கொண்டு வாங்கன்னு கூப்பிட்டாங்க. ஒரு காலத்துல எந்தக் கரையும் ஏத்துக்காம கடல்ல நின்ன மனுஷன்!

நல்லது மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. 28 வருஷம் இவருக்கு மிளகாய் போட்டுக் குடுத்த அண்டர்வுட் பண்ணையோட உறவு 2016-ல முறிஞ்சுது, கோர்ட்டுல ஜூரி 2019-ல பண்ணை பக்கம் தீர்ப்பு சொல்லி கம்பெனி 2 கோடியே 33 லட்சம் டாலர் தரணும்னு சொன்னாங்க. அது எனக்கு நெஜமாவே வருத்தம், விதைச்சவர் பங்கும் இந்தப் பாட்டில்ல இருக்கு. அதுக்கப்புறம் வேற எடத்து மிளகாய், வெயில் மழை பிரச்சினை எல்லாம் சேந்து 2022, 2023-ல சாஸ் கிடைக்கவே இல்ல, ஆன்லைன்ல ஆளாளுக்கு பல மடங்கு விலை வச்சு வித்தாங்க. 2024-ல மிளகாய் சரியா சிவக்கலன்னு உற்பத்தியவே கொஞ்ச மாசம் நிறுத்திட்டாங்க. கிடைக்காம கஷ்டப்பட்டேன், ஆனாலும் அந்த முடிவு சரின்னுதான் எனக்குப் படுது.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. ஸ்ரீராச்சாங்கறது ஒரு ஊர் பேரு, அத அவர் தனக்குன்னு பதிவு பண்ணிக்கல, அதனால இப்ப பத்துப் பதினஞ்சு கம்பெனி அதே பேர்ல சாஸ் போடுறாங்க. மூடி பச்சையா இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, சேவலுக்குப் பக்கத்துல அந்தக் கப்பலோட பேரு இருக்கான்னு பாத்து எடுங்க.