மேற்கோள் பட்டியலை ஜோட்டெரோவிடம் ஒப்படைக்கலாமா?

நெல் வயல் களைச்செடிகளைப் பற்றி நானும் இரண்டு இணையாசிரியர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, மதிப்பீட்டாளர் எவருடைய கைக்கும் போகாமலேயே ஓர் ஆய்விதழ் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. கட்டுரைக்குள் சுட்டியிருந்த நான்கு மேற்கோள்கள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்த மூன்று நூல்களைக் கட்டுரைக்குள் எங்கும் சுட்டவில்லை. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தது. இரண்டு பருவங்கள் வயலில் நின்று திரட்டிய தரவுகளை யாரும் படித்துப் பார்க்கும் முன்பே, நாங்கள் கையால் தட்டச்சு செய்த கடைசி நான்கு பக்கங்கள் எங்கள் உழைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதற்குப் பிறகுதான், நூற்குறிப்புகளைச் சேமித்து வைத்து, மேற்கோள்களையும் பட்டியலையும் தானாக அமைத்துத் தரும் ஜோட்டெரோ என்னும் மென்பொருளுக்கு மாறினோம். அதைக் கொண்டு மூன்று கட்டுரைகளை அனுப்பி முடித்த அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஜோட்டெரோ 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றில் உருவானது. சேர்த்துக்கொள்ளுதல், கைவரப்பெறுதல் என்று பொருள்படும் ஓர் அல்பேனிய மொழிச் சொல்லிலிருந்து இப்பெயரை எடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் துணைநிரலாக இருந்தது, பின்னர் தனி மென்பொருளாகி, இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. விலை கிடையாது, மூலநிரலும் அனைவருக்கும் திறந்திருக்கிறது. பல்கலைக்கழகம் வாங்கிய உரிமத்தை நம்பி ஒரு கட்டண மென்பொருளில் ஐந்தாண்டு நூலகத்தைச் சேர்த்து வைத்த ஆய்வு மாணவர், பட்டம் பெற்று வெளியேறியதும் அந்த உரிமத்தை இழக்க நேரிடும். இதே வேலையைச் செய்யும் மென்டலி என்னும் மென்பொருள் இலவசம்தான் என்றாலும், 2013 முதல் எல்சவியர் பதிப்பகத்தின் உடைமையாக இருக்கிறது. ஜோட்டெரோவோ எந்தப் பதிப்பகத்துக்கும் சொந்தமில்லாத, இலாப நோக்கற்ற ஓர் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது. அரசுக் கல்லூரி ஆசிரியராகிய எனக்கு இது சிறிய காரணமன்று.

நூற்குறிப்புகளைச் சேர்ப்பது மிக எளிது. கட்டுரையின் இணையப் பக்கம் திறந்திருக்கும்போது உலாவியின் மேல் மூலையிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் ஆகிய அனைத்தும், கிடைக்குமானால் பிடிஎஃப் கோப்பும், நம் நூலகத்துக்குள் வந்துவிடும். கையில் அச்சுப் பிரதி மட்டும் இருந்தால், மந்திரக்கோல் வடிவப் பொத்தானை அழுத்தி கட்டுரைக்குரிய அடையாள எண்ணான டிஓஐ எண்ணையோ நூலுக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணையோ இட்டால் போதும். இந்த எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஜோட்டெரோ எதையும் சரிபார்ப்பதில்லை. பதிப்பகமும் தரவுத்தளமும் கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே பிழை இருந்தால் அந்தப் பிழை நம் கட்டுரையில் மிக அழகான வடிவமைப்போடு அச்சாகும்.

நம்மவர் பெயர்களில்தான் இந்தப் பிழை மிகுதியாக நேர்கிறது. மேலை முறையில் குடும்பப் பெயர் ஒன்று, இடுபெயர் ஒன்று. ஜோட்டெரோவிலும் அவற்றுக்கென இரண்டு கட்டங்கள். நம்மிடம் இருப்பது தந்தையின் பெயரைச் சுட்டும் தலைப்பெழுத்தும் தன் பெயரும் மட்டுமே. ராமானுஜனுடைய பெயரின் முன்னால் நிற்கும் ஸ்ரீநிவாச என்பது அவருடைய தந்தையின் பெயர், ஆகவே உலக இதழ்களில் "ராமானுஜன், எஸ்." என்று வரும்போது முறை தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. சி. வி. ராமனுக்கு வீட்டில் இட்ட பெயர் வெங்கடராமன். அது இரண்டாகப் பிரிந்து, பின்பாதி மட்டும் குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்து, 1928இல் கே. எஸ். கிருஷ்ணனோடு அவர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையைக் குறிப்பிடுவோர் எல்லோரும் "ராமன், சி. வி." என்றே எழுதுகின்றனர். இந்த வடிவங்கள் நிலைத்துவிட்டதால் அவற்றில் குழப்பம் இல்லை.

குழப்பம் தலைப்பெழுத்தை விரித்து எழுதும்போது வருகிறது. முருகன் என்று ஒருவர். தந்தை பெயர் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழில் அவர் "கே. முருகன்". மற்றோர் இதழ் தலைப்பெழுத்தை ஏற்காமல் முழுப்பெயர் கேட்டதால் அங்கே "முருகன் கந்தசாமி". இரண்டையும் ஜோட்டெரோவில் சேர்த்தால், முதல் கட்டுரையில் முருகன் குடும்பப் பெயராகவும் இரண்டாவதில் கந்தசாமி குடும்பப் பெயராகவும் பதிவாகும். பட்டியலில் ஒரே மனிதர் ஆங்கில அகரவரிசையின் 'கே' எழுத்தில் ஒருவராகவும் 'எம்' எழுத்தில் வேறொருவராகவும் பிரிந்து நிற்பார். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது) போன்ற மேற்கோள் நடைகளில் இன்னொரு விளைவும் உண்டு. ஓரிடத்தில் "கே. முருகன்" என்றும் மற்றோரிடத்தில் "கந்தசாமி முருகன்" என்றும் பதிவாகியிருந்தால், ஜோட்டெரோ அவர்களை இரு வேறு ஆட்களாகக் கருதி, வேறுபடுத்திக் காட்டுவதற்காகக் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறிக்குள் தலைப்பெழுத்தைச் சேர்த்து அச்சிடும். எழுதும்போது ஓர் இடத்தில் மட்டும் காரணமின்றித் தலைப்பெழுத்து முளைத்திருப்பதைக் கண்டால், மென்பொருளில் கோளாறு என்று எண்ண வேண்டாம். நூலகத்தில் அந்தப் பெயர் இருவிதமாக இருக்கிறது என்பதே அதன் பொருள்.

நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு நூற்குறிப்பையும் சேர்த்த அன்றே, பிடிஎஃப் கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்க் கட்டங்களை ஒப்பிடுகிறேன். அச்சில் உள்ள வடிவத்தை மாற்றுவதில்லை. தரவுத்தளம் கட்டங்களை இடம் மாற்றியிருந்தால் மட்டும் சரிசெய்கிறேன். தலைப்பெழுத்துகளுக்கிடையே புள்ளியும் இடைவெளியும் இடுகிறேன். நிறுவனப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர் இரண்டு கட்டங்களில் பிரிந்து விழுந்தால், கடைசிச் சொல்லான "ரிசர்ச்" குடும்பப் பெயராகி முன்னால் நிற்க, மற்றவை வெறும் முதலெழுத்துகளாகச் சுருங்கிவிடும். பெயர் வரியின் ஓரத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றினால் இது தீரும். ஒரு குறிப்புக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒருவருடைய உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டு அவருடைய பெயரைத் தவறாக எழுதுவது முறையன்று என்பதால், அந்த இரண்டு நிமிடத்தை நான் வீண் என்று கருதியதே இல்லை.

தலைப்புகளிலும் சிறிது வேலை இருக்கிறது. சில பதிப்பகங்கள் கட்டுரைத் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கித் தருகின்றன. பல இதழ்கள் முதல் சொல்லை மட்டுமே அப்படி எழுதக் கேட்கின்றன. தலைப்பின்மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி வாக்கிய வடிவுக்கு மாற்றலாம், ஆனால் காவிரி, தஞ்சாவூர் போன்ற சிறப்புப் பெயர்களின் முதலெழுத்தும் அதில் சிறிதாகிவிடக் கூடும் என்பதால் உடனே கண்ணோட்டம் விட வேண்டும். தாவரவியலாருக்கு மிகவும் பயன்படும் செய்தி ஒன்று: தாவரங்களின் இருசொற் பெயர்கள் பட்டியலிலும் சாய்வெழுத்தில் வர வேண்டுமானால், நூலகத்திலுள்ள தலைப்பிலேயே அப்பெயருக்கு முன்னும் பின்னும் இணையப் பக்கங்களில் பயன்படும் சாய்வெழுத்துக் குறியை இட்டுவிடலாம். ஒரைசா சட்டைவா என்ற நெல்லின் பெயரை அப்படி ஒருமுறை குறித்துவிட்டால், எத்தனை இதழ்களுக்கு அனுப்பினாலும் அது சாய்ந்தே அச்சாகும்.

இதற்குப் பிறகு வருவதுதான் ஜோட்டெரோவின் பெருமை. வேர்ட், லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் அதன் பொத்தான்கள் வந்து அமர்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஆசிரியரின் பெயரில் நான்கு எழுத்துகளைத் தட்டினால் நூற்குறிப்பு முன்னால் வரும். பக்க எண்ணை அங்கேயே சேர்க்கலாம். பட்டியல் தானாக வளரும். கட்டுரையில் சுட்டாத எதுவும் பட்டியலில் வராது, சுட்டிய எதுவும் விடுபடாது. எங்கள் முதல் கட்டுரை திரும்பி வந்த காரணங்களில் இரண்டு இத்தோடு ஒழிந்தன. அடுத்ததாக, ஓர் இதழ் ஏற்க மறுத்த கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்ப வேண்டிய வேளை. வான்கூவர் நடையில் எண்களால் சுட்டி, ஆறு ஆசிரியர் வரை பெயர் எழுதி மற்றவர்களைச் சுருக்க வேண்டும். ஏபிஏ ஏழாம் பதிப்பிலோ பெயரும் ஆண்டும் சுட்டி, இருபது ஆசிரியர் வரை எழுத வேண்டும். எங்களுடைய இரண்டாம் கட்டுரை முதல் நடையிலிருந்து இரண்டாவதற்கு மாற வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு மேற்கோள்கள். ஆவண அமைப்பைத் திறந்து நடையை மாற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின்போது இதே வேலைக்கு ஒரு வாரம் இரவுகளில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ் நடைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருந்தாலும் நீங்கள் அனுப்பப்போகும் இதழின் அண்மைக் கட்டுரை ஒன்றின் பட்டியலோடு உங்கள் பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். இதழ்ப் பெயரை முழுமையாக எழுதுவதா, சுருக்கி எழுதுவதா என்ற ஒரு விவரத்திலேயே நாங்கள் தவறவிருந்தோம்.

கட்டுரையை அனுப்பும் முன் செய்ய வேண்டிய ஒன்றைப் புதியவர்கள் அறிவதில்லை. வேர்ட் கோப்பிலுள்ள மேற்கோள்கள் ஜோட்டெரோவோடு இணைந்த உயிருள்ள புலங்கள். இதழுக்கு அனுப்பும் பிரதியில் அவற்றை இணைப்பு நீக்கி வெறும் எழுத்தாக மாற்றிவிடுவது நல்லது; அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திய பின் மீட்க வழியில்லை. ஆகவே மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்து, நகல் ஒன்றில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்டு அனுப்பும்போது நமக்குத் தேவைப்படுவது அந்த மூலக் கோப்புதான்.

இணையாசிரியர்களோடு எழுதுவோர் குழு நூலகம் ஒன்றைத் தொடங்கி, எல்லோரும் அதிலிருந்தே மேற்கோள் எடுக்க வேண்டும். அவரவர் தம் சொந்த நூலகத்திலிருந்து எடுத்தால், ஒரே கட்டுரை இரண்டு குறிப்புகளாகப் பட்டியலில் நுழையும். ஒருவர் தம்மிடம் பெயரைத் திருத்தினாலும் மற்றவர் சேர்த்த மேற்கோளில் அது மாறாது. நூலகத்தில் ஒரே குறிப்பு இரண்டாக இருந்தால் ஒன்றை அழிக்காமல், இரண்டையும் இணைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அழித்தால் ஆவணத்தோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

பிழை, மோசடி போன்ற காரணங்களால் வெளியான பின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் காட்டும் வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்னும், அத்தகைய கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நம் நூலகத்திலுள்ள ஏதேனும் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கிறது. 2019 முதல் இவ்வசதி உள்ளது. டிஓஐ எண்ணோ, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் தரும் எண்ணோ பதிவாகியிருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். களைக்கொல்லி எதிர்ப்புத்திறன் பற்றி நாங்கள் சான்று காட்டவிருந்த கட்டுரை ஒன்றில் ஒருநாள் காலை அந்தச் சிவப்புப் பட்டை தோன்றியது. முழுப் பத்தியையும் மறுபடி எழுதினோம்.

தமிழ் நூல்களைச் சான்று காட்டுவோருக்கு இந்தக் கருவி பாதி தூரமே வரும். தமிழ் எழுத்தில் பதிவு செய்வதில் தடையில்லை. ஆனால் ஓர் ஆவணத்துக்கு ஒரே மொழி அமைப்புதான். ஆங்கிலக் கட்டுரையில் சேர்க்கும் தமிழ்த் தொகுப்பு நூலுக்கும் பதிப்பாசிரியரைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்திலேயே வரும். தமிழ்க் கட்டுரையில் ஆங்கில நூலுக்கும் தமிழ் நூலுக்கும் அந்தந்த மொழியில் குறிப்பு வேண்டுமானால், இறுதிப் பிரதியில் கையால் திருத்துவதே வழி. நம் பழைய பதிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணும் கிடையாது. ஆகவே அவற்றைக் கட்டம் கட்டமாக நாமே நிரப்ப வேண்டும். தமிழாய்வுத் துறைகள் இதழ்தோறும் வேறுபடாத மேற்கோள் நடை ஒன்றை ஒப்புக்கொண்டு, அதை ஜோட்டெரோவுக்கான நடைக் கோப்பாக வெளியிட்டால் எத்தனையோ மாணவர்களின் இரவுகள் மிச்சமாகும் என்று உளமார விரும்புகிறேன்.

செலவைப் பொறுத்தவரை, நூற்குறிப்புகளை ஒத்திசைப்பதற்குக் கட்டணமோ வரம்போ இல்லை. பிடிஎஃப் கோப்புகளுக்கு 300 எம்பி இலவசம். அதற்குமேல் 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். கோப்புகளைக் கணினியில் மட்டும் வைத்துக்கொள்பவருக்கு ஒரு ரூபாயும் ஆகாது. ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை மட்டும் மேகச் சேமிப்பு எதற்குள்ளும் வைக்காதீர்கள். இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி நான் அப்படி வைத்ததில் தரவுத்தளம் சிதைந்து, இரண்டு நாள் உழைப்பில்தான் நூலகத்தை மீட்டேன். மென்பொருளின் வழிகாட்டிக் குறிப்புகள் இதைத் தெளிவாக எச்சரித்திருந்தன.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர், முதல் கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே இதை நிறுவிக்கொள்ளட்டும். அனுப்ப வேண்டிய தேதிக்கு ஒரு வாரமே இருக்கும் நிலையில், முடிந்துபோன வரைவின் மேற்கோள்களை ஒவ்வொன்றாக மாற்றி ஜோட்டெரோவுக்குள் கொண்டுவரும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். அந்தக் கட்டுரைக்குப் பட்டியலை அச்சிட்டு, சக ஆய்வாளர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, அவர் கட்டுரையிலிருந்து ஒவ்வொரு மேற்கோளாகப் படிக்க, நீங்கள் பட்டியலில் கோடிட்டுக்கொண்டே வருவதுதான் விரைவான வழி.