2 ஜிபி ராம் மடிக்கணினியில் இலகு லினக்ஸ்: இரண்டு வருடம் ஓட்டினால் தெரிய வருபவை

பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்டால், பூட் ஆனதும் எவ்வளவு ராம் பிடிக்கும் என்ற ஒரு எண்தான் பெரும்பாலும் பதிலாக வரும். "ஆன்டிஎக்ஸ் 200 எம்பியில் ஓடும், மின்ட் 800 எம்பி தின்னும்." எண் ஏறத்தாழ சரிதான். ஆனால் ஃபயர்பாக்ஸில் ஜிமெயில், யூடியூப், ஒரு செய்தித்தளம் என்று மூன்று டேப் திறந்தாலே ஒன்றரை ஜிபி போய்விடும். பூட் ஆனதும் மிச்சம் பிடித்த 600 எம்பி, நாலாவது டேபில் காணாமல் போகும். இரண்டு வருடம் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: டிஸ்க், பாதுகாப்பு அப்டேட் வரும் காலம், வைஃபை டிரைவர்.

இங்கே பேசுவது 2008 முதல் 2014 வரை வந்த மடிக்கணினிகளைப் பற்றி. கோர் 2 டுயோ, முதல் மூன்று தலைமுறை ஐ3, அந்தக் காலத்துப் பென்டியம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் சில ஆண்டு மாடல்களும் இந்த ரகம்தான். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸ். இன்றும் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது.

டிஸ்க்கைப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்

"லினக்ஸ் போட்டும் மெதுவாகத்தான் இருக்கிறது" என்ற புகார் பலவற்றுக்குச் சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி டிஸ்க் அறிக்கையை எடுங்கள். நீளமாக வரும், பார்க்க வேண்டியது 5, 197 என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணை மட்டும். 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). 197 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 197-இல் பூச்சியம் இல்லையென்றால், அந்த டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அத்தனை நேரமும் மவுஸ் மட்டும் அசையும், வேறெதுவும் அசையாது. எந்த லினக்ஸ் போட்டாலும் இதே கதைதான்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் 120 அல்லது 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுவதே நல்லது. பழைய சாட்டா 2 இணைப்பில் வேகம் நொடிக்கு 280 எம்பியைத் தாண்டாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 5400 சுற்று டிஸ்க் ஒரு நொடியில் நூறு சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதற்குள் மூச்சு வாங்கும். மலிவான எஸ்எஸ்டியும் ஆயிரக்கணக்கில் எடுக்கும். பயாஸில் டிஸ்க் முறை ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். பழைய விண்டோஸும் அதே மெஷினில் இருந்தால், மாற்றியதும் அது நீலத்திரை காட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ராம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்றாம் தலைமுறை வரை உள்ள டிடிஆர்3 மடிக்கணினிகளில் 1.5 வோல்ட் ராமும் வேலை செய்யும், 1.35 வோல்ட் ராமும் வேலை செய்யும். நான்காம் தலைமுறையில் 1.35 வோல்ட் மட்டும்தான். மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் வாங்கும்போது டிடிஆர்3எல் என்றே கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் பொருந்தும். இன்டெல் 945 சிப்செட் மெஷினில் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் தெரியும். அதில் காசைக் கொட்ட வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது: மெஷினின் தேதி, நேரத்தைக் காக்கும் சிமாஸ் பேட்டரி. செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பிரவுசர் எல்லாத் தளத்திலும் சான்றிதழ் பிழை காட்டும். அப்டேட் கொடுத்தால் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று அடம்பிடிக்கும். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர் சிஸ்டத்தைத் திட்டிவிட்டுத் திரும்ப நிறுவுவார். தேவைப்படுவது ஒரு சிஆர்2032 பேட்டரிதான். மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் ஒயர் வைத்து உறை போட்டு வரும், அதே இணைப்பான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

32 பிட் மட்டும் தெரிந்த மெஷின்கள்

64 பிட் மென்பொருளை ஓட்ட முடியாத பழைய பிராசசர்கள் இவை. சுருக்கமாக முடித்துவிடலாம். பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான டெபியனின் 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியும் இல்லை, கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இல்லை. குரோம் 2016-லேயே கைகழுவிவிட்டது. ஃபயர்பாக்ஸ் 144-ஆம் பதிப்போடு நிறுத்தியது. நீண்டகால ஆதரவுள்ள 140 இஎஸ்ஆர் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்றார்கள். ஆட்டம் என்270 போட்ட நெட்புக் இருந்தால் பாட்டுக் கேட்க, எழுத, தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலைக்கு வேண்டாம்.

எதைப் போடலாம்

ராமைக் கூட்டவே முடியாது, 2 ஜிபிதான் என்றால் ஆன்டிஎக்ஸ். டெபியனை அடியில் வைத்து, சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இல்லாமல், ஐஸ்டபிள்யூஎம் ஜன்னல் மேலாளரோடு வருகிறது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. விலையைப் பழக்கத்தில் கொடுக்க வேண்டும். வைஃபைக்கு எல்லோரும் அறிந்த நெட்வொர்க் மேனேஜர் இருக்காது, கான்மேன் இருக்கும். சிஸ்டம்டி இல்லாததால், வாரம் ஒருமுறை எஸ்எஸ்டிக்கு டிரிம் (எந்த இடம் காலி என்ற தகவல்) அனுப்பும் டைமரும் இல்லை. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் வாராந்திரக் கோப்புறையில் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை இரண்டு வரி ஸ்கிரிப்டாக நீங்களே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. டிஸ்க் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் இறங்கும்.

4 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்து, மெஷினை நீங்களே பராமரிப்பதாக இருந்தால் எம்எக்ஸ் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. அதன் எம்எக்ஸ் டூல்ஸுக்காகவே போடலாம். பூட் ரிப்பேர், ஓடும் சிஸ்டத்தை அப்படியே ஐஎஸ்ஓ (நிறுவப் பயன்படும் கோப்பு) ஆக்கும் ஸ்னாப்ஷாட், எல்லாம் ஒரே இடத்தில். பெரிய பதிப்பு மாறும்போது மேலேயே ஏற்றாமல் திரும்ப நிறுவுவதுதான் இங்கே வழக்கம். நிறுவியில் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமைக் காப்பாற்றும் தேர்வு உண்டு, அதை டிக் செய்ய மறந்தால் போச்சு.

வீட்டில் வேறொருவர் பயன்படுத்தப் போகிறார் என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. குறைந்தபட்சம் 2 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள், 4 ஜிபி பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையைத்தான் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய மெஷினை அடிக்கடி கிளறாமல் இருப்பதே பெரிய லாபம்.

லுபுண்டுவின் எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப் அழகாக, இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபயர்பாக்ஸ் அதில் ஸ்னாப் என்ற தனிப் பேக்கேஜ் வடிவில் வருகிறது. ஹார்டு டிஸ்க்கில் முதல் முறை திறக்கும்போது ஒரு வாய் காபி குடித்துவிடலாம். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் மூன்றே வருடம்தான், 24.04-க்கு 2027 ஏப்ரலோடு முடிகிறது. பப்பி லினக்ஸ், டிஸ்க் கெட்ட மெஷினிலிருந்து போட்டோக்களை மீட்க அருமை. தினசரி ரூட்டாகவே (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடும் ஒன்றை வீட்டுக் கணினியாக வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

நிறுவியதும் செய்ய வேண்டியது

ஸிராம். ராமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப் (ராம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) ஆக்கும் ஏற்பாடு இது. மின்ட்டில் ஸிராம்-டூல்ஸ் பேக்கேஜ் நிறுவி, அமைப்புக் கோப்பில் அல்காரிதத்தை எல்இசட்4 என்றும் சதவீதத்தை 100 என்றும் வையுங்கள். 2 ஜிபி மெஷினில் 100 என்றால் மொத்த ராமும் போய்விடுமே என்று தோன்றும். போகாது. அந்த எண் சுருக்குவதற்கு முந்தைய அளவு. முழுதாக நிரம்பினாலும் உள்ளே பிடிப்பது பெரும்பாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கும். இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் கோர் 2 டுயோவுக்கு அது சுமை. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸை 100-க்கு ஏற்றுங்கள். கூடவே இயர்லி-ஊம் போட்டால், நினைவகம் தீரும்போது மெஷின் முழுக்க உறைவதற்குப் பதில் அதிகம் தின்னும் புரோகிராம் மட்டும் மூடப்படும்.

யூடியூப் இயல்பாக அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களை இந்த வயது சிப்களில் உள்ள வீடியோ பகுதி அறியாது. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். பிரவுசரில் ஹெச்264-க்குக் கட்டாயப்படுத்தும் நீட்சி ஒன்றைப் போட்டால், இரண்டாம் தலைமுறையிலிருந்து ஹார்டுவேர் டிகோடிங் கைகொடுக்கும். கோர் 2 டுயோவில் 480பி தரத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

தமிழ் எழுத ஐபஸ், அதோடு எம்17என் பேக்கேஜ். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் அதில் இருக்கின்றன. விசைப்பலகை அமைப்பிலேயே உள்ள தமிழ்99 ஏன் போதாது என்றால், அதில் தானாகப் புள்ளி விழாது. "அம்மா" அடிக்க ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைக்க வேண்டும். ஆன்டிஎக்ஸில் ஐபஸ் தானாகத் துவங்காது, ஹோமில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்-செஷன் கோப்புறையின் ஸ்டார்ட்அப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நாள்பட வரும் கோளாறுகள்

மின்ட்டின் டைம்ஷிஃப்ட் தினசரிப் பிரதி எடுக்க விட்டால் 120 ஜிபி எஸ்எஸ்டியை ஓசையில்லாமல் நிரப்பிவிடும். வாரம் ஒன்று, வைத்திருப்பது இரண்டு என்று குறையுங்கள். பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் தேர்வு அப்டேட் மேனேஜரிலேயே உண்டு, அதையும் இயக்குங்கள்.

பெரிய தலைவலி பிராட்காம் வைஃபை. பிசிஎம்4312 போன்ற பழைய சிப்புக்கான ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) உரிமச் சிக்கலால் நிறுவி ஐஎஸ்ஓவில் சேர்ப்பதில்லை, நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். நெட் வேண்டுமென்றால் வைஃபை வேண்டும்! கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டால் லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். அதன் வழியாகப் பி43 ஃபர்ம்வேர் நிறுவியை இறக்குங்கள். சிப்புக்கு அது பொருந்தினால் அதுவே போதும். பிராட்காமின் மூடிய டபிள்யூஎல் டிரைவர் கடைசிப் புகலிடம். காரணம், டபிள்யூஎல் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். அதற்குத் தேவையான கெர்னல் ஹெட்டர் பேக்கேஜ் இல்லையென்றாலோ, புதுக் கெர்னலோடு ஒத்துப்போகவில்லையென்றாலோ ஒரு காலை வைஃபை ஐகானே இருக்காது. அப்போது பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு வரிசைக்குள் போய் முந்தைய கெர்னலில் பூட் செய்யுங்கள். நெட் வந்ததும் ஹெட்டரை நிறுவிவிட்டு டிரைவர் பேக்கேஜை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால், அந்த மினி கார்டையே கழற்றிவிட்டு ஏதெரோஸ் சிப் உள்ள பழைய கார்டு ஒன்றைப் போடுவது அப்டேட்டுக்கு அப்டேட் மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம். சில மாடல்களின் பயாஸ் வேறு கார்டை ஏற்காது. வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அதைத் தேடிப் பாருங்கள்.